பாரிஸில் 29 பதக்கம்: எங்கே வென்றோம், எங்கே ஆளே அனுப்பவில்லை

கேள்வி, 9 செப்டம்பர் 2024

ஒலிம்பிக்கில் 6 பதக்கம், ஒரு தங்கம்கூட இல்லை. அதே பாரிஸில் ஒரு மாதம் கழித்து பாராலிம்பிக்கில் 29, அதில் 7 தங்கம். எல்லோரும் கொண்டாடுகிறார்கள், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஒரே ஈட்டி எறிதலுக்கு எஃப்41, எஃப்46, எஃப்64 என்று தனித்தனித் தங்கம் கொடுக்கிறார்கள். பிரிவு அதிகம், போட்டி குறைவு, அதனால் வந்த எண்ணிக்கைதானே இது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

9 செப்டம்பர், இரவு

எண்களிலிருந்து ஆரம்பிக்கிறேன். பாரிஸுக்குப் போனது 84 பேர், 12 விளையாட்டு. 7 தங்கம், 9 வெள்ளி, 13 வெண்கலம், பட்டியலில் 18ஆம் இடம். டோக்கியோவில் 54 பேர், 19 பதக்கம், 24ஆம் இடம். ரியோவில் 19 பேர், 4 பதக்கம். 1972இல் ஹைடல்பெர்க்கில் முரளிகாந்த் பேட்கர் நீச்சலில் வாங்கிய முதல் தங்கம் தொடங்கி ரியோ வரைக்கும் சேர்த்தாலே 12தான். அடுத்த இரண்டு பாராலிம்பிக்கில் மட்டும் 48.

பிரிவு அதிகம் என்பது உண்மை. பாரிஸில் மொத்தம் 549 தங்கம். ஆனால் அந்தக் கதவு எல்லா நாட்டுக்கும்தான் திறந்திருக்கிறது. சீனா 94 தங்கத்தோடு 220 பதக்கம் எடுத்தது. பிரிவு அதிகமானால் பதக்கம் தானாக வரும் என்றால், 141 தங்கம் இருந்த நீச்சலில் நமக்கு ஒரு வெண்கலமாவது வந்திருக்க வேண்டும். வரவில்லை.

நம் 29ஐப் பிரித்துப் பாருங்கள். தடகளம் 17, பாட்மிண்டன் 5, துப்பாக்கி சுடுதல் 4, வில்வித்தை 2, ஜூடோ 1. மற்ற ஏழு விளையாட்டிலும் பூஜ்யம். விவாதிக்க வேண்டியது இந்த வரியைத்தான்.

10 செப்டம்பர், காலை

எண்களை எப்படிப் படிப்பது என்று கேட்டிருந்தார்கள். தடகளத்தில் முதல் எழுத்து ‘டி’ என்றால் ஓட்டமும் தாண்டுதலும், ‘எஃப்’ என்றால் எறிதல். அடுத்து வரும் எண்:

11–13 பார்வைக் குறைபாடு. 20 அறிவுசார் குறைபாடு. 31–38 பெருமூளை வாதம் போன்றவை (34 வரை உட்கார்ந்து, 35 முதல் நின்று). 40, 41 குள்ள உருவம். 42–44 செயற்கைக் கால் இல்லாமல் போட்டியிடும் கால் குறைபாடு. 45–47 கை. எறிதலில் 51–57 உட்கார்ந்து எறிபவர்கள், ஓட்டத்தில் 51–54 சக்கர நாற்காலி. 61–64 செயற்கைக் காலோடு.

ஒவ்வொரு வரிசையிலும் எண் சிறியதாக இருந்தால் குறைபாடு கூடுதல். எஃப்51 வீரருக்குக் கை விரல்களே சரியாக மடங்காது. எஃப்57 வீரருக்கு இடுப்புக்கு மேலே முழு பலம் உண்டு. பெருமளவு பலம் உள்ளவரையும் இல்லாதவரையும் ஒரே வளையத்தில் நிறுத்தினால் அது போட்டியே இல்லை. எடை வாரியாகக் குத்துச்சண்டை நடப்பதை யாரும் குறை சொல்வதில்லையே.

ஒரு சிக்கல்: சில பிரிவுகளுக்குத் தனிப் போட்டி வைக்காமல் பக்கத்துப் பிரிவோடு சேர்த்துவிடுவார்கள். ஈட்டியில் எஃப்44 வீரர்கள் பாரிஸில் எஃப்64 போட்டிக்குள் எறிந்தார்கள். செயற்கைக் கால் பூண்டவரோடு, பலவீனமான சொந்தக் காலை ஊன்றி எறிபவர் மோத வேண்டும். அப்படிப்பட்டவருக்கு அங்கே பதக்கம் எட்டாது.

10 செப்டம்பர், மாலை

காலையில் எழுதிய கடைசி வரி தவறு. அதே எஃப்64 ஈட்டியில் வெள்ளி வாங்கிய இலங்கையின் துலான் கொடிதுவக்கு எஃப்44தான். 67.03 மீட்டர், அந்தப் பிரிவின் உலக சாதனை. உயரம் தாண்டுதலில் நம் பிரவீன் குமார் டி44 வீரர். டி64 போட்டியில் 2.08 மீட்டர் தாண்டித் தங்கமே வாங்கினார்.

எட்டாது என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். கடினம் என்பதை மட்டும் விட்டுத்தர மாட்டேன். அந்த ஈட்டிப் போட்டியில் நம் சந்தீப் சௌத்ரி 62.80 எறிந்து நான்காமிடம். எஃப்44க்குத் தனிப் போட்டி இருந்திருந்தால் அந்தத் தூரத்தின் மதிப்பே வேறு.

போட்டிப் பட்டியலே ஒருவரின் வாழ்க்கையை மாற்றும் என்பதற்கு தேவேந்திர ஜஜாரியாவைவிட நல்ல உதாரணம் இல்லை. 2004 ஏதென்ஸில் 62.15 மீட்டர், தங்கம். அடுத்த இரண்டு பாராலிம்பிக்கிலும் அவருடைய பிரிவுக்கு ஈட்டியே வைக்கவில்லை. 12 வருடம் காத்திருந்து 2016இல் 63.97 எறிந்து, உலக சாதனையோடு மறுபடியும் தங்கம். இடையில் அவர் எறிவதை நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

11 செப்டம்பர்

“போட்டி குறைவு” என்பவர்கள் பெண்கள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் எஸ்எச்1 இறுதிச் சுற்றின் கடைசி இரண்டு குண்டுகளை மட்டும் பாருங்கள். எஸ்எச்1 என்றால் துப்பாக்கியின் எடையைத் தானே தாங்கக்கூடியவர். எஸ்எச்2 வீரருக்கு ஸ்பிரிங் வைத்த தாங்கி உண்டு. ‘நின்று சுடும்’ போட்டி என்பது பெயர்தான். சக்கர நாற்காலியிலிருந்து சுடலாம், ஆனால் முழங்கையை எதன் மீதும் ஊன்றக் கூடாது. இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்.

23 குண்டு முடிந்தபோது தென்கொரியாவின் லீ யுன்ரி 240.0, அவனி லேகரா 239.2. 0.8 பின்தங்கினால் இந்த ஆட்டத்தில் வெள்ளிதான் என்று மனசு தேற்றிக்கொள்வார்கள். அவனி கடைசியாகச் சுட்டது 10.5. லீக்கு விழுந்தது 6.8. 249.7, தங்கம், டோக்கியோவில் அவரே வைத்த 249.6ஐத் தாண்டிய பாராலிம்பிக் சாதனை. மோனா அகர்வால் 228.7 எடுத்து வெண்கலம்.

வில்வித்தையிலும் இதே நெருக்கம்தான், ஆனால் அங்கே நமக்கு எதிராகப் போனது. கைகளே இல்லாமல் காலால் வில்லைப் பிடித்து, தோளாலும் தாடையாலும் நாணை இழுத்து விடுகிற ஷீத்தல் தேவி தகுதிச் சுற்றில் 720க்கு 703 எடுத்தார். தனிநபர் பிரிவில் 137–138 என்று ஒரே ஒரு புள்ளியில் வெளியேறினார். ராகேஷ் குமாரோடு கலப்பு அணியில் 156–155 என்று அதே ஒரு புள்ளியில் வெண்கலம். ராகேஷ் தனிநபரில் வெண்கலத்தை இழந்ததும் ஒரு புள்ளியில்.

12 செப்டம்பர்

உட்கார்ந்து எறிவதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது. டிவியில் பார்க்கும்போது நாற்காலியில் உட்கார்ந்து கையை வீசுகிறார், அவ்வளவுதான் என்று தோன்றும்.

அந்த இருக்கை சக்கர நாற்காலி கிடையாது, இரும்புச் சட்டம். மெத்தையோடு சேர்த்து உயரம் 75 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. பிடித்துக்கொள்ள நேராக நிற்கும் ஒரு கம்பி உண்டு. அதில் வளைவோ, ஸ்பிரிங்கோ, மூட்டோ இருக்கக் கூடாது. சட்டத்தைத் தரையோடு பட்டைகளால் இழுத்துக் கட்டுகிறார்கள். வீரரின் காலையும் இடுப்பையும் இன்னொரு வரிசைப் பட்டைகளால் சட்டத்தோடு கட்டுகிறார்கள். இந்தப் பட்டை நெகிழ்ந்து கொடுக்கிற ரகமாக இருக்கக் கூடாது. இவ்வளவு கட்டவேண்டியிருப்பதால்தான் ஒரு வீரர் தன் எறிதல்களைத் தொடர்ச்சியாக முடித்துவிட்டு இறங்குகிறார். எதிராளி எறிவதைப் பார்த்துவிட்டு மூச்சு வாங்கித் தன் முறைக்கு வருகிற வசதி இங்கே கிடையாது.

எங்கே தவறுகிறது? முக்கியமாக மூன்று இடம். எறிகிற வேகத்தில் புட்டம் இருக்கையை விட்டு எழும்பினால் ஃபவுல். பட்டை ஒரு பக்கம் தளர்ந்தால் உடம்பு அந்தப் பக்கம் சாய்ந்து எறிந்த பொருள் எல்லைக்கோட்டுக்கு வெளியே விழும். கம்பியை ஒரு சாண் முன்னே தள்ளி வைத்துவிட்டால் பிடிக்கிற கை முழுக்க நீண்டு, இழுத்து எறிய வழியில்லாமல் போய்விடும். அதனால் சட்டம் ஒவ்வொருவர் உடம்புக்கும் அளவெடுத்துச் செய்ய வேண்டிய பொருள். கடன் வாங்கிய சட்டத்தில் பயிற்சி செய்பவருக்கு இந்தத் தவறுகள் தீரவே தீராது.

கிளப் எறிதலில் இன்னொரு தொல்லை. 397 கிராம் எடையுள்ள சின்னக் கட்டை. எஃப்51 வீரர்களுக்கு விரலால் இறுக்கிப் பிடிக்க முடியாது. கையில் பசை தடவி, விரல்களுக்கு இடையில் கட்டையை நிறுத்துகிறார்கள். பசை கூடினால் கட்டை கையை விட்டுத் தாமதமாகப் பிரியும், குறைந்தால் முன்னதாகவே நழுவும். இரண்டிலும் திசை போய்விடும். தரம்பிர் முதல் நான்கு முறையும் ஃபவுல். ஐந்தாவது 34.92 மீட்டர். அதுவே தங்கம். பிரணவ் சூர்மா 34.59, வெள்ளி. தரம்பிரை இந்த விளையாட்டுக்குக் கொண்டுவந்து வழிகாட்டிய அமித் குமார் சரோஹா அதே போட்டியில் எறிந்து பின்தங்கினார். தன் மாணவன் தன் கண்முன்னே தங்கம் வாங்குவதை வளையத்துக்குப் பக்கத்திலேயே இருந்து பார்த்தார். இந்தப் பாராலிம்பிக்கில் என் மனதை நிறைத்த காட்சி அது.

வட்டு எறிதலில் எஃப்56 யோகேஷ் கதுனியா 42.22, வெள்ளி. டோக்கியோவில் 44.38, அதுவும் வெள்ளி. பாரிஸில் முதல் எறிதலே அவருடைய சிறந்த எறிதல். மற்ற ஐந்தும் அதை எட்டவில்லை. தொடர்ச்சியாக எறிகிற முறையில் தோள் எவ்வளவு சீக்கிரம் சோர்கிறது என்பதற்கு இதுவே சாட்சி.

12 செப்டம்பர், இரவு

குண்டு எறிதலில் ஹோகடோ சேமாவைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். எஃப்57, 14.65 மீட்டர், வெண்கலம். நாகாலாந்துக்காரர், ராணுவத்தில் இருந்தபோது கண்ணிவெடியில் இடது காலை இழந்தவர்.

13 செப்டம்பர்

பெண்கள் வென்றது எத்தனை என்று கேட்டிருந்தார்கள். 84 பேரில் 32 பெண்கள், 11 பதக்கம் என்று வேறொரு இடத்தில் சொல்லியிருந்தேன். அதில் ஷீத்தல்–ராகேஷ் கலப்பு அணிப் பதக்கமும் சேர்ந்துவிட்டது. அதைத் தனியாக வைத்தால் பெண்கள் 10, கலப்பு 1, ஆண்கள் 18.

அந்தப் பத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிவது பிரீத்தி பாலின் இரண்டு வெண்கலம். டி35, 100 மீட்டர் 14.21, 200 மீட்டர் 30.01. பாராலிம்பிக் ஓட்டத்தில் இந்தியாவுக்கு அதற்கு முன் பதக்கமே கிடையாது. எறிதலும் தாண்டுதலுமாகவே இருந்த நம் தடகளம் முதன்முதலாக ஓட ஆரம்பித்திருக்கிறது. டி20, 400 மீட்டரில் தீப்தி ஜீவன்ஜி 55.82, வெண்கலம். அதே ஆண்டு மே மாதம் ஜப்பானின் கோபேயில் நடந்த உலக பாரா தடகளத்தில் 55.07 ஓடி உலக சாதனை வைத்தவர். பாரிஸ் தகுதிச் சுற்றில் துருக்கியின் அய்செல் ஒன்டர் 54.96 ஓடி அதை முறியடித்தார். மூன்றே மாதத்தில் ஒரு உலக சாதனை பழசாகிற இடத்தைப் போட்டி குறைவு என்பது நியாயமில்லை.

சிம்ரன் சர்மா, டி12, 200 மீட்டர், 24.75, வெண்கலம். கூட ஓடியவர் அபய் சிங். இருவர் கையையும் இணைக்கிற கயிறு மிகக் குட்டையானது. கைவீச்சும் காலடியும் ஒரே தாளத்தில் விழாவிட்டால் கயிறு சுண்டி இழுக்கும், அந்தச் சுண்டலிலேயே நேரம் போய்விடும். வழிகாட்டி முன்னால் ஓடி இழுக்கக் கூடாது. கோட்டை வீரர்தான் முதலில் கடக்க வேண்டும். ஒரு ஜோடிக்கு இரண்டு தடம் என்பதால் இறுதியில் நாலே பேர். நாலு பேரில் மூன்றாவதா என்று கேட்பவர்கள், அந்த நாலுக்குள் வர எத்தனை பேரைத் தாண்ட வேண்டியிருந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

14 செப்டம்பர்

முதல் நாள் சொன்ன பூஜ்யங்களுக்கு வருகிறேன். நாம் எங்கே வெல்கிறோம்? ஈட்டி, குண்டு, வட்டு, உயரம் தாண்டுதல். ஒரு மைதானம், ஒரு பயிற்சியாளர், ஒரு உடம்பு இருந்தால் தொடங்கிவிடலாம். எங்கே இல்லை? சக்கர நாற்காலி ஓட்டம், சக்கர நாற்காலி கூடைப்பந்து, ரக்பி, டென்னிஸ், போச்சா (இலக்குப் பந்துக்கு அருகில் பந்தைச் சேர்க்கும் ஆட்டம்). இவற்றில் கடைசி நான்குக்கு நாம் ஆளே அனுப்பவில்லை. நீச்சலுக்குப் போனது ஒரே ஒருவர், சுயஷ் ஜாதவ்.

பந்தய நாற்காலி என்பது வீட்டு நாற்காலியைப் போன்றதில்லை. மூன்று சக்கரம், முன்னால் ஒன்று நீளமாகத் தள்ளி. பின் சக்கரம் காற்றடைத்த டயரோடு 70 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கும். வீரர் மண்டியிட்டுக் குனிந்த நிலையில் உள்ளே செருகிக்கொள்கிறார். கெட்டிக் கையுறையால் கைவளையத்தைக் குத்தித் தள்ளுகிறார், பிடித்துச் சுற்றுவதில்லை. இடுப்பு அகலத்தில் இரண்டு விரல் இடம் அதிகமானால் ஒவ்வொரு குத்துக்கும் உடம்பு உள்ளே ஆடும், பலத்தில் ஒரு பங்கு அங்கேயே வீணாகும். இறுக்கமானால் உணர்ச்சியற்ற தோலில் புண் வரும், அது ஆற மாதக்கணக்கு. வளர்கிற பிள்ளைக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுசு வேண்டும். தண்டுவடம் பாதித்த ஒரு பிள்ளை நம் ஊரில் விளையாட்டுக்கு வந்தால் அவனை எறிதலுக்கு அனுப்புவதன் காரணம் இதுதான். சட்டத்தை உள்ளூர் வெல்டிங் பட்டறையில் செய்துவிடலாம், பந்தய நாற்காலியைச் செய்ய முடியாது.

நீச்சலில் முழுப் பார்வையற்றவருக்குச் சுவர் வருவதைச் சொல்ல, முனையில் மென்பந்து கட்டிய கோலால் தட்டுகிற ஒருவர் இரண்டு முனையிலும் வேண்டும். குளத்துக்குள் இறங்க ஏற சாய்தளமோ தூக்கியோ வேண்டும். மாவட்டத் தலைநகரங்களில் உள்ள நீச்சல் குளங்களில் எத்தனையில் இது இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், 141இல் பூஜ்யம் ஏன் என்பது விளங்கும். நம் முதல் பாராலிம்பிக் தங்கமே நீச்சலில்தான் வந்தது என்பதுதான் வேதனை.

15 செப்டம்பர்

நவ்தீப் சிங்கின் தங்கம் “சும்மா கிடைத்தது” என்று எழுதியவருக்கு. எஃப்41 ஈட்டியில் ஈரானின் சதேக் பெயித் சாயா 47.64 எறிந்தார், நவ்தீப் 47.32. போட்டிக்குப் பின் நடத்தை விதியை மீறி ஒரு கொடியைக் காட்டியதால் ஈரான் வீரர் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். நவ்தீப் எறிந்த 47.32, டோக்கியோவில் சீனாவின் சுன் பெங்சியாங் தங்கம் வென்ற 47.13ஐத் தாண்டிய தூரம். அந்த சுன் அன்று எறிந்தது 44.72. இந்தத் தங்கத்தில் சும்மா வந்தது ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை.

விதி நமக்கு எதிராகவும் வேலை செய்திருக்கிறது. டோக்கியோவில் எஸ்எல்3 (கால் பாதிப்போடு நின்று ஆடுபவர்கள்) பாட்மிண்டன் தங்கம் வென்ற பிரமோத் பகத் பாரிஸுக்குப் போக முடியவில்லை. ஊக்கமருந்து எதுவும் பிடிபடவில்லை. இருப்பிடத் தகவல் விதியில் சிக்கினார். ஊக்கமருந்துச் சோதனைப் பதிவில் உள்ள வீரர் ஒவ்வொரு நாளும் காலை 5 முதல் இரவு 11க்குள் 60 நிமிடம் எங்கே இருப்பேன் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் அங்கே இல்லாவிட்டாலோ, தகவல் தவறானாலோ ஒரு தவறு. 12 மாதத்தில் மூன்று சேர்ந்தால் தடை. அவருக்கு 18 மாதம். பயிற்சிக்காக ஊர் மாறிக்கொண்டே இருக்கிறவர்களுக்கு இதைப் பதிவு செய்ய நம்பகமான ஒரு ஆள் கூடவே வேண்டும்.

அந்த இடத்தில் நித்தேஷ் குமார் தங்கம் எடுத்தார். எஸ்எல்3இல் ஒற்றையருக்குப் பாதி அகல மைதானம்தான். பக்கவாட்டில் ஓடவைக்க இடமில்லை. பின்னே தூக்கு, முன்னே சொட்டு, மறுபடி பின்னே. அதனால் ஒரு புள்ளிக்கான ஆட்டம் நீண்டுகொண்டே போகும். டேனியல் பெத்தெலோடு 21–14, 18–21, 23–21, 80 நிமிடம்.

16 செப்டம்பர்

தமிழ்நாட்டுக் கணக்கு: பாட்மிண்டனில் துளசிமதி முருகேசன் வெள்ளி, மனிஷா ராமதாஸ் வெண்கலம், நித்யஸ்ரீ சிவன் வெண்கலம், உயரம் தாண்டுதலில் மாரியப்பன் தங்கவேலு வெண்கலம். 29இல் நான்கு.

எஸ்யூ5 அரையிறுதியில் துளசிமதியும் மனிஷாவும் ஒருவரோடொருவர் மோத வேண்டி வந்தது, 23–21, 21–17. இரண்டு பேருக்கும் ஒரு கை பாதிப்பு. ஆட்டத்தில் அந்தக் கைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். தலைக்கு மேல் அடிக்கும்போது சும்மா இருக்கிற கைதான் உடம்பைத் திருப்பிச் சமநிலை தருகிறது. அது இல்லாவிட்டால் அடித்தபின் அடுத்த அடி வைக்கத் தாமதமாகும். அந்தத் தாமதத்தைக் காலால் ஈடுகட்டுகிறார்கள். குள்ள உருவத்தினருக்கான எஸ்எச்6இல் நித்யஸ்ரீ 21–14, 21–6 என்று 23 நிமிடத்தில் வெண்கலத்தை முடித்தார்.

மாரியப்பன்: ரியோ 1.89 தங்கம், டோக்கியோ 1.86 வெள்ளி, பாரிஸ் 1.85 வெண்கலம். மூன்று பாராலிம்பிக்கில் அடுத்தடுத்துப் பதக்கம் வென்ற முதல் இந்தியர். இறங்குமுகம் என்று படிக்காதீர்கள். டோக்கியோவில் மழையில் பாதிப்புள்ள காலின் உறை நனைந்து கனத்துவிட்டது என்று அவரே சொன்னார். பாரிஸில் தங்கம் வென்ற எஸ்ரா ஃப்ரெச் 1.94 தாண்டினார், சரத் குமார் 1.88, வெள்ளி. போட்டி மேலே போய்விட்டது.

அதே 1.85ஐத் தாண்டியும் நான்காமிடத்தில் நின்றவர் நம் சைலேஷ் குமார். ஒரே உயரம் என்றால், கடைசியாகத் தாண்டிய உயரத்தில் யார் குறைவாகத் தட்டிவிட்டார் என்று பார்ப்பார்கள். அதிலும் சமமென்றால் போட்டி முழுக்கத் தட்டிவிட்டவை எத்தனை என்று பார்ப்பார்கள். கீழ் உயரத்தில் அலட்சியமாக ஒரு முறை குச்சியைத் தட்டினாலும் கடைசியில் அது பதக்கத்தை எடுத்துக்கொண்டு போய்விடும்.

7 அக்டோபர் 2025

ஒரு வருடம் கழித்து இதைத் திறக்கிறேன். டெல்லியில் உலக பாரா தடகளம் முந்தாநாள் முடிந்தது. 6 தங்கம், 9 வெள்ளி, 7 வெண்கலம், மொத்தம் 22, பத்தாவது இடம்.

மேலே எழுதியவற்றில் இரண்டுக்குத் தொடர்ச்சி கிடைத்திருக்கிறது. இங்கே எஃப்44 ஈட்டிக்குத் தனிப் போட்டி வைத்தார்கள். தங்கமும் வெள்ளியும் நமக்கு, வெள்ளி சந்தீப் சௌத்ரிக்கு. பாரிஸில் நான்காமிடம் வந்த அதே சந்தீப். 14 செப்டம்பரில் எழுதிய நாற்காலிப் பத்தியில் ஒரு வரியும் மாற்ற வேண்டியிருக்கவில்லை: 22இல் சக்கர நாற்காலி ஓட்டத்துக்கு ஒன்றும் இல்லை.

டி63 உயரம் தாண்டுதல்: சைலேஷ் குமார் 1.91, தங்கம். அவருக்கு அடுத்து வந்த எஸ்ரா ஃப்ரெச்சும் வருண் சிங் பாட்டியும் 1.85. அந்த இருவரில் யாருக்கு வெள்ளி என்பதை இந்த முறையும் தட்டிவிட்ட கணக்குத்தான் தீர்த்தது. சைலேஷுக்கு அந்தக் கணக்கு தேவைப்படவில்லை.